தைல வாடை அடிக்கிற பெண்

என் அக்காவுக்கு வந்த முதல் சம்பந்தம் ஒரு வாசனையால் நின்றுபோனது. ஜாதகம் பொருந்தியிருந்தது. நிறத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மற்ற பேச்சுகளும் ஏறக்குறைய முடிந்திருந்தன. காபித் தட்டை நீட்டுவதற்காக அக்கா குனிந்தபோது அவள் நெற்றியிலிருந்து வந்த புதினா தைலத்தின் வாசனை மாப்பிள்ளையின் அம்மா மூக்கில் ஏறியது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு சில வருடங்கள் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஆறக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

நாங்கள் குரும்பலூர்க்காரர்கள். அப்பா கொத்தனார். அம்மா வெங்காய நடவு, பருத்தி எடுப்பு, சோளத்தட்டை அறுப்பு என்று எது கிடைக்கிறதோ அந்த வேலைக்குப் போவாள். அக்கா பன்னிரண்டாவது முடித்ததும் பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். எனக்கும் அவளுக்கும் ஆறு வயது வித்தியாசம். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றைந்து வாக்கில் என்று நினைவு.

அந்தக் கடையை நான் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோதுதான் சரியாகப் பார்த்தேன். கண் கூசும் டியூப் லைட்டுகள். புதுத்துணியின் கஞ்சி வாடை. சேலை அடுக்குகளுக்கு நடுவே காற்று நுழைய ஒரு இடுக்குகூட இல்லை. காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை வேலைக்கு நிற்கும் பெண்கள் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். வாங்க வருகிறவர்களுக்கு ஸ்டூல் உண்டு. எடுத்துப் போடுகிறவளுக்குக் கிடையாது. ஆளே இல்லாத மத்தியான நேரத்தில் சுவரில் சாய்ந்தால்கூட கல்லாவிலிருந்து கனைப்புச் சத்தம் வரும். இதை யாரும் கொடுமை என்று சொல்லவில்லை. கடை வேலை என்றால் அப்படித்தான் என்றார்கள்.

சேர்ந்த சில மாதங்களில் அக்காவுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. சாதாரணத் தலைவலி இல்லை. இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணியை வைத்து அடிப்பது போல இருக்கும் என்பாள். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, சத்தம் கேட்க முடியாது, முற்றினால் வாந்தி வந்துவிடும். முதலாளியிடம் சொன்னபோது எனக்கும்தான் தலை வலிக்கிறது, நான் கடையை மூடிவிட்டா போகிறேன் என்று கேட்டாராம். அவர் கேட்டதைவிட, சுற்றியிருந்தவர்கள் அதற்குச் சிரித்ததுதான் அக்காவுக்கு உறைத்தது.

சிரிக்காத ஒருத்தி இருந்தாள். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து குழந்தைகள் துணிப் பிரிவில் நின்ற ஓர் அக்கா. அவள் அன்றைக்கு மாடிப்படிக்குக் கீழே என் அக்காவை உட்கார வைத்து, கைப்பையிலிருந்து விரல் நீள பாட்டில் ஒன்றை எடுத்திருக்கிறாள். உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு, அதில் இரண்டு சொட்டுத் தைலம் கலந்து, நெற்றிப்பொட்டு இரண்டிலும் பிடரியிலும் தேய்த்துவிட்டாள். முதலில் சுரீரென்று எரிந்து, பிறகு ஐஸ் வைத்தாற்போல் சில்லென்று பரவி, வலி பாதியாக இறங்கியது என்று அக்கா வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் குரலில் இருந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் கேட்கிறது. பாதிதான். முழுக்கப் போகவில்லை. ஆனால் நின்று வேலை பார்ப்பதற்கு அந்தப் பாதி போதும்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த நாட்டு மருந்துக் கடையில் அந்தத் தைலம் கிடைத்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் லெப்பைக்குடிக்காட்டு அக்காதான் சொல்லிக் கொடுத்தாள். தனியாகப் பூசாதே, தோல் வெந்துவிடும். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போகாதே. குடிக்கிற சமாச்சாரம் இல்லை. எல்லாவற்றையும்விட, கைக்குழந்தை இருக்கிற இடத்தில் மூக்குக்குப் பக்கத்தில் காட்டவே காட்டாதே, பச்சைப்பிள்ளைக்கு மூச்சு முட்டிப் போகும். இவ்வளவும் கேட்டுக்கொண்டு வந்த அக்கா, முதல் நாளே அவசரத்தில் எண்ணெய் கலக்காமல் நெற்றியில் பூசிக்கொண்டு, வேர்வையோடு அது கண்ணில் இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் குதித்த குதியை நானும் அம்மாவும் பார்த்துச் சிரித்தோம். அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் அந்தத் தைலம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

ஒரு வருடத்துக்குள் அது எங்கள் வீட்டு மனுஷர்களில் ஒருத்தராகிவிட்டது. சிமெண்டுத் தூசியில் நின்று நின்று அப்பாவுக்கு எப்போதும் மூக்கடைப்பு. இரவில் அவர் வாயால் மூச்சு விடும் சத்தம் தெருவுக்குக் கேட்கும். அக்கா ஒரு சட்டியில் வெந்நீர் வைத்து ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை இறுக மூடிக்கொள்ளச் சொல்லி, துண்டைப் போர்த்தி ஆவி பிடிக்க வைத்தாள். அப்பா துண்டை விலக்கிவிட்டு, மூக்கில் இவ்வளவு இடம் இருந்ததே மறந்துபோயிற்று என்றார். பருத்தி எடுத்துவிட்டு வரும் நாட்களில் அம்மாவின் தோள்பட்டைக்கு நல்லெண்ணெயோடு கலந்து தேய்ப்போம். நாள் முழுக்க நின்ற அக்காவின் கால்களை வெந்நீர் வாளியில் வைத்து இரண்டு சொட்டு விடுவது என் வேலை. சர்க்கரை டப்பா வைத்த பலகையில் தைலம் தொட்ட துணியால் ஒரு துடை துடைத்தால் எறும்பு அந்தப் பக்கம் சில நாளைக்கு எட்டிப் பார்க்காது. எனக்குப் பஸ் ஏறினாலே குமட்டும். கைக்குட்டை நுனியில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்துகொண்டே திருச்சிவரைக்கும் போய்வர முடிந்தது. எந்த வியாதியையும் அது குணப்படுத்தியதாக நான் சொல்ல மாட்டேன். கஷ்டப்படுகிற உடம்புக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கொஞ்ச நேரம் வேறு எங்கே கிடைத்தது?

முதல் சம்பந்தம் வாலிகண்டபுரம் பக்கத்திலிருந்து வந்தது. கொண்டு வந்தவர் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை. நாங்கள் அத்தை என்போம். அன்றைக்கு முதல் நாள்தான் அக்காவுக்குக் கடுமையான வலி வந்து ஓய்ந்திருந்தது. காலையில் லேசாகத் தொடங்கும்போதே தைலத்தைப் பூசிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்து டம்ளரை எடுக்காமல் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

“என்னம்மா இது, தைல வாடை அடிக்குது?”

அம்மா சாம்பிராணி என்றோ என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அக்கா, “ஆமாங்க, தலைவலிக்குப் போடுவேன்” என்றாள்.

“அடிக்கடி வருமோ?”

“மாசத்துல ரெண்டு மூணு தடவ வரும்ங்க. இதப் போட்டுக்கிட்டா சமாளிச்சுருவேன்.”

அந்த அம்மாள் சிரித்தார். நான் மாப்பிள்ளைக்குத் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாயிலிருந்து பாக்கு வாடையையும் மீறிக்கொண்டு முந்தைய ராத்திரியின் பிராந்தி வாடை வந்தது. பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு அது தெரியாதா? எங்கள் தெருவில் பாதி வீட்டில் அடிக்கிற வாடைதானே. வந்திருந்த பெரியவர்கள் அத்தனை பேருக்கும் மூக்கு இருந்தது. ஒருவரும் என்னப்பா வாடை என்று கேட்கவில்லை. ஆம்பளையிடம் வருகிற பிராந்தி வாடை ஆம்பளை வாடை. பெண்ணிடம் வருகிற புதினா வாடை நோய் வாடை. இந்தக் கணக்கை யார் எழுதிவைத்தார்கள் என்று நான் அன்றைக்கே அம்மாவிடம் கேட்டேன். சும்மா இருடி என்றாள்.

நாலு நாள் கழித்து அத்தை வந்தார். பெண்ணுக்கு ஏதோ நோவு இருக்கும் போல இருக்கிறது, யோசித்துச் சொல்கிறோம் என்று அவர்கள் சொன்னதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த “ஏதோ நோவு” அத்தையோடு ஊர் ஊராகப் பஸ் ஏறிப் போனது. எங்கேயோ அது தலைவலியிலிருந்து தலையில் நோயாக மாறியது. இன்னொரு ஊரில் வலிப்பாக ஆனது. ரேஷன் கடை வரிசையில் முன்பின் பழக்கமில்லாத ஒருத்தி அம்மாவிடம், பெரிய பெண்ணை வேலைக்கு அனுப்புகிறீர்களே, கையில் சாவிக்கொத்து கொடுத்துத்தானே அனுப்புகிறீர்கள் என்று அக்கறையாகக் கேட்டாளாம். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பார்கள் அல்லவா, அதற்காக. அம்மா மண்ணெண்ணெய் வாங்காமலே திரும்பி வந்துவிட்டாள்.

அப்பா அதிகம் பேசாதவர். ஒரு நாள் வேலைக்குப் போகாமல் அக்காவைத் திருச்சிக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, நடக்கச் சொல்லி, நிறையக் கேள்வி கேட்டு, இது ஒற்றைத் தலைவலி, ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது, வலிப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். வலி வந்தால் போட மாத்திரை எழுதினார். தைலம் பூசலாமா என்று அக்கா கேட்டதற்கு, இதமாக இருந்தால் பூசிக்கொள்ளுங்கள் என்றார். பட்டினி கிடக்கக் கூடாது, வெயிலில் அலையக் கூடாது, வேலையில் நடுநடுவே உட்கார வேண்டும் என்றும் சொன்னார். கடைசியில் சொன்னதைக் கேட்டு அக்கா சிரித்துவிட்டாளாம்.

அப்பா அந்த டாக்டர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளே அத்தை வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். வலிப்பெல்லாம் இல்லை, டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார், நாலு பேரிடம் நீயே சொல்லு அக்கா என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அத்தை சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை.

“நல்லாத்தான் யோசிச்சுப் பாரு தம்பி. டாக்டரு சீட்டு வெச்சிருக்கன்னா, நோவு இருக்குன்னுதான அர்த்தம்?”

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார். சுவரை நூல் பிடித்து நேராக எழுப்பத் தெரிந்த மனுஷர். இந்த மாதிரிக் கோணலுக்கு அவரிடம் மட்டப்பலகை இல்லை.

அடுத்த வருடம் அதே அத்தை வழியாகவே இன்னொரு இடம் வந்தது. இந்த முறை அம்மா முன்னெச்சரிக்கையாக இருந்தாள். பெண் பார்க்க வருகிற நாளுக்கு இரண்டு நாள் முன்பே தைல பாட்டிலை எடுத்து எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டாள். அக்காவின் தலையணை உறையை, துண்டை, கைக்குட்டையை எல்லாம் சவுக்காரம் போட்டுத் துவைத்தாள். அன்று காலை அக்காவுக்குச் சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, ஈரம் காயும் முன்பே பின்னி, மூச்சு முட்டுகிற அளவுக்கு மல்லிகைச் சரம் வைத்து, பட்டுப் புடவை கட்டி உள்ளே உட்கார வைத்தார்கள். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் மத்தியானம் வரைக்கும் வரவில்லை. அவர்கள் வந்து பார்க்கிறவரை பெண் சாப்பிடக் கூடாது என்று யாரோ ஒரு சட்டம் சொன்னார்கள். சித்திரை வெயில். கரண்டும் இல்லை. டாக்டர் எதையெல்லாம் கூடாது என்று சொன்னாரோ அதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தாயிற்று.

அக்காவின் இடது கண் சிறுத்துக்கொண்டே போவதை நான் பார்த்தேன். டாக்டர் எழுதிய மாத்திரையை வெறும் வயிற்றில் போட முடியாது என்று அவள் அம்மாவிடம் பாட்டிலைக் கேட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “செத்த நேரம் பொறுத்துக்க தாயி, வந்துட்டுப் போயிருவாங்க” என்றாள். நான் எங்கே வைத்திருக்கிறாய் சொல்லு என்று சண்டை போட்டேன். அரிசிக் குதிரிலிருந்து சாமி மாடம்வரை தேடினேன். கிடைக்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். அக்கா நிமிர்ந்து நடந்து போய்த் தட்டை வைத்தாள், கும்பிட்டாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். அவள் உள்ளே திரும்பி, கொல்லைக் கதவைத் தாண்டி, துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தது வாசல்வரை கேட்டது.

 வந்தவர்களில் மூத்த பெண்மணி ஒருவர், அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு கேள்வி கேட்டார்.

“புள்ளைக்கு எத்தன நாளா இப்புடி வாந்தி வருது?”

அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. புரிந்தபோது என் காது இரண்டும் சூடாகிவிட்டன. தைலம் பூசினால் வலிப்பு. பூசாவிட்டால் வயிற்றில் பிள்ளை. இதற்கு நடுவே ஒரு பெண்ணுக்கு வெறும் தலைவலி இருக்கவே கூடாதா?  அவர்கள் பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

அப்பாதான் முதலில் அசைந்தார். அம்மாவிடம் போய், “அந்த பாட்டில எடுத்துக் குடு” என்றார். சத்தம் போடவில்லை. அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் இருந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று அங்கே கொடுத்து வைத்திருந்தாள். அக்கா இருட்டறையில் படுத்திருந்தாள். அப்பாவே தன் காய்ப்புப் பிடித்த விரலால் எண்ணெயைக் குழைத்து அவள் நெற்றியில் தேய்த்தார். அக்கா அழவில்லை. அடுத்த நாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அம்மா சாமிகளிடம் போக ஆரம்பித்தாள். யாரோ சொல்லி, ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் நேர்த்திக்கடனுக்கு மதம் கிடையாது. துன்பம் இருக்கிறவர்கள் எல்லோரும் போவார்கள். நேர்வதற்கு எனக்குக் கோபமில்லை. இல்லாத நோயைக் குணமாக்கு என்று வேண்டிக்கொள்ளப் போகிறோமே என்றுதான் கோபம். அக்கா தைல பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வந்து இன்னொரு பஸ் மாறினோம். நிற்க இடமில்லை. முன்னால் சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போக, ஜன்னல் வழியே வெள்ளைத் தூசி உள்ளே வந்து இறங்கியது. எங்களுக்கு முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மாள் வெளிறிப்போய், பக்கத்தில் இருப்பவரின் தோளில் சாய்ந்தார். வாந்தி வரப்போகிறது என்று தெரிந்தது. அக்கா தன் கைக்குட்டையில் ஒரு சொட்டுத் தைலம் விட்டு, தள்ளிப் பிடித்து மெதுவாக மூச்சு இழுங்கள் என்று அவரிடம் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவருக்கு முகம் தெளிந்தது. அதைப் பார்த்து இன்னொருத்தி கேட்டாள். அப்புறம் ஒரு பெரியவர். பின்னாலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு எழுந்து வந்து குழந்தைக்குச் சளி, மூக்கில் கொஞ்சம் தடவுங்கள் என்றாள். அக்கா சட்டென்று பாட்டிலை மூடிவிட்டாள். பச்சைப்பிள்ளைக்கு இது ஆகாதுங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். இறங்குகிற இடத்தில் அந்த முன் இருக்கை அம்மாள் அக்காவின் கன்னத்தைத் தொட்டு, நல்லா இருப்பம்மா என்றார்.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நெடுநேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று வரும் வழியில் கேட்டேன். “ஒண்ணுமில்ல. கேக்க வந்தத கேக்கத் தோணல” என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்த பாட்டிலை ஒளிக்கவில்லை.

ஆனால் எனக்குள் அடங்கவில்லை. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், சொந்தத்தில் ஒரு கல்யாணம், பெரம்பலூர் மண்டபத்தில். அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் நேராகப் போய் எதிரில் நின்று, எங்கள் அக்காவுக்கு வலிப்பு என்று உங்களிடம் யார் சொன்னது என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அத்தை அவசரப்படவில்லை. இடுப்பிலிருந்து பொடி மட்டையை எடுத்து, இரண்டு விரலில் கிள்ளி, ஒரு மூக்கு, மறு மூக்கு என்று நிதானமாக இழுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“நான் எங்கடி சொன்னேன்? கேட்டாங்க. தெரியலன்னேன். தெரியலன்னு சொன்னது தப்பா?”

இதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாதது. பொய் சொல்லியிருந்தால் பொய் என்று நிரூபிக்கலாம். தெரிந்துகொண்டே தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் பொடி போடுகிறவர்களை என்ன செய்வது? நான் கத்தினேன் என்றுதான் பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். அவர் என்ன செய்தார் என்று ஒருவரும் பேசவில்லை. கொத்தனார் வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு வாய் அதிகம் என்பது அன்றிலிருந்து இன்னொரு செய்தியாக ஊர் சுற்றியது.

அக்காவுக்கு இருபத்தாறு ஆகியிருந்தது. அப்போது ஜவுளிக்கடைக்குப் பார்சல் மூட்டை கொண்டுவந்து இறக்கும் அலுவலகத்தில் ஒருவர் வேலை பார்த்தார். அரியலூர்க்காரர். வாரத்தில் பல நாள் கடைக்கு வருவார். மூட்டைக் கணக்குப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அவர் தன் அண்ணனை அனுப்பிப் பெண் கேட்டார். அத்தையின் வழியாக வராத முதல் சம்பந்தம் இது.

இந்த முறை அக்கா யாரையும் எதையும் ஏற்பாடு செய்ய விடவில்லை. காலையில் இட்லி சாப்பிட்டாள். பருத்திப் புடவை கட்டினாள். தலையில் கொஞ்சமாகக் கனகாம்பரம். வலி இல்லாத நாள்தான். ஆனாலும் வேண்டுமென்றே நெற்றியில் தைலம் பூசிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். யாரும் எடுப்பதற்கு முன்னால் பேசினாள்.

“எனக்கு ஒத்தத் தலைவலி இருக்குங்க. வந்தா ஒரு நாள் படுக்க வேண்டியிருக்கும், அன்னைக்கு என்னால சமைக்க முடியாது. இந்தத் தைலம் எப்பவும் எங்கிட்ட இருக்கும். இதெல்லாம் சம்மதம்னா காபி குடிங்க.”

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பெண் இப்படிப் பேசலாமா என்று அவர் தன் மூத்த மகனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளை டம்ளரை எடுத்துக் குடித்தார். அவர் வீரம் பேசவில்லை. கடையில் வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், வலி வந்தால் இவர்கள் மாடிப்படிக்குக் கீழே போய் உட்காருவார்கள், கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து மறுபடி வேலை பார்ப்பார்கள் என்று தன் அம்மாவிடம் சொன்னார். பார்த்ததை அப்படியே சொன்னார், அவ்வளவுதான். எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம் அது.

இரண்டாயிரத்து மூன்றில் கல்யாணம் நடந்தது. எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அக்கா படுத்திருக்கிற நாட்களில் மாமியார் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைப்பார். தைலத்தை எடுத்தாலே ஜன்னலைத் திறந்துவிடுவார். மாமா அந்த நாட்களில் ரசம் வைப்பார். அந்த ரசத்தைப் பற்றி அக்காவே நல்ல வார்த்தை சொல்ல மாட்டாள். ஆனால் சமைப்பார். பிள்ளை பிறந்தபோது அக்கா பாட்டிலை எடுத்து உயரமான பரணில் வைத்து, ஒரு வருடம்வரை இறக்கவில்லை. வலியைத் தாங்கிக்கொண்டாள். மாமியாருக்கு அப்போது மட்டும் கொஞ்சம் மனது இளகியது என்று கேள்வி.

என்னைப் பெண் பார்க்க இரண்டாயிரத்து ஆறில் ஒரு குடும்பம் வந்தது. நான் அப்போது பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் படித்தவர்கள். படிப்பு, சம்பளம், சொந்த ஊர் எல்லாம் பேசி முடிந்த பிறகு, மாப்பிள்ளையின் சித்தி என்று அறிமுகமானவர் அம்மாவைப் பார்த்துக் குழைவாகச் சிரித்தார். பெரிய பெண்ணுக்கு ஏதோ தலையில் பிரச்சனை என்று கேள்விப்பட்டோம், அது பரம்பரையாக வருவதா, சின்னவளுக்கும் இருக்குமா, ஒரு ஸ்கேன் எடுத்துக் காட்டினால் எங்களுக்கும் நிம்மதி என்றார். அக்காவுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அது நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. அந்த வதந்தி மட்டும் இன்னும் வீடு வீடாக நடந்துகொண்டிருந்தது.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் கையை அழுத்தினாள். சும்மா இருடி என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்று புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

“எங்க பொண்ணுங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க. நீங்க கெளம்புங்க” என்றாள்.

அவர்களுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. உட்கார்ந்தே இருந்தார்கள். அப்பா போய் வாசல் கதவை அகலத் திறந்துவிட்டு, அவர்களுடைய செருப்புகளைப் படிக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

அவர்கள் போன பிறகு அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கரைத்துவைத்த மாவை வீணாக்குவானேன் என்று சொல்லி, அம்மா எங்களுக்கே வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள்.